தேறலும் தெளிவும்

பொருநை கடலோடு கலக்கும் பகுதியில் இன்று சிற்றூராய் ஒதுங்கிக் கிடக்கும் கொற்கை, ஒரு காலத்தில் உலகறிந்த முத்துத் துறை. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'பெரிப்ளூஸ்' என்னும் கடற்பயணக் கையேடு அதன் முத்துக்குளிப்பைக் குறிப்பிடுகின்றது. பாண்டியன் நன்மாறனைப் பாடிய நக்கீரரோ, யவனர் கொணர்ந்த தேறலை அருந்தி மகிழுமாறு அவனை வாழ்த்துகின்றார் (புறநானூறு 56). கிரேக்கரின் மது நம் நாட்டுக்குப் பழைய விருந்தாளி. அம்மதுவின் தெய்வமாகிய டயோனிசஸோ இப்போதுதான் கணினித் திரை வழியாக நம் இல்லங்களுக்குள் வந்திருக்கின்றார்.

அண்மையில் பாளையங்கோட்டையில் நண்பர் ஒருவரின் இல்லத்தில், அவருடைய மகன் ஆடிக்கொண்டிருந்த 'ஹேடீஸ்' என்னும் கணினி விளையாட்டை அருகமர்ந்து பார்த்தோம். அமெரிக்காவின் சூப்பர்ஜயண்ட் கேம்ஸ் நிறுவனம் 2020இல் முழுமையாக வெளியிட்ட இப்படைப்பு, 2021இல் ஹியூகோ விருதும் பெற்றது. கீழுலக வேந்தனின் மகன் ஸாக்ரியஸ் தந்தையின் இருளரசிலிருந்து தப்ப முயல்கின்றான். ஒலிம்பஸ் மலைத் தெய்வங்கள் வரமளித்துத் துணைநிற்கின்றன. அவர்களுள் எவரையும் அதட்டாத, எதையும் கேட்காத இனிய தோழராக வருகின்றார் டயோனிசஸ்.

இதனை ஆக்கியோர் பழங்கதையை அறியாதவரல்லர். ஓர்ஃபியூஸின் பெயரால் வழங்கிய பழைய சமய மரபு, ஸாக்ரியஸையும் டயோனிசஸையும் ஒருவராகவே கண்டது. விளையாட்டில் இவ்விருவரும் கூடிச் செய்யும் குறும்பால், தாங்கள் ஒருவரே என்று நம்பிவிடும் ஓர்ஃபியூஸ் அதைப் பாட்டாகவே கட்டிவிடுகின்றார். கற்றறிந்தோர் செய்யத்தக்க நயமான நகைச்சுவை இது.

எனினும் பழைய டயோனிசஸ் இருமுகத் தெய்வம். யூரிப்பிடீஸ் இறந்தபின் கி.மு. 405இல் அரங்கேறிய 'பக்கே' நாடகத்தில், அவரை ஏற்க மறுத்த மன்னன் பென்தியூஸை, வெறியாட்டில் தன்னை மறந்த தாய் அகாவேயே கிழித்தெறிகின்றாள். சிங்கத்தின் தலை என்றெண்ணி மகனின் தலையை ஏந்தி வருகின்றாள். அவளுடைய முதிய தந்தை கேத்மஸ், முதலில் வானத்தைப் பார்க்கச் சொல்கின்றார். பின் ஒவ்வொரு வினாவாகக் கேட்டு, இறுதியில் கையிலிருப்பதைப் பார்க்கச் சொல்கின்றார். அந்நாடகத்தின் உச்சம் கொலையன்று, தெளிவே. கொலையோ மேடைக்கு வெளியே நிகழ்கின்றது; தெளிவுதான் நம் கண்முன் நிகழ்கின்றது.

'ஹேடீஸ்' இத்தெளிவை எங்கே வைத்திருக்கின்றது? இங்கேதான் நாம் வியந்தோம். டயோனிசஸின் வரத்துக்கு 'ஹேங்கோவர்' என்றே ஒரு விளைவு உண்டு: குடித்த மறுநாள் தலைநோவு. ஆனால் அது வரம் பெற்றவனைத் தீண்டுவதில்லை. அவன் அடித்த பகைவனின் உடலில் சிறிது சிறிதாய் நஞ்சு போல் ஏறுகின்றது. வரம் பெற்றவனுக்கோ, ஊற்றில் பருகினால் காயங்கள் ஆறி வலிமையும் கூடும் என்றொரு பேறு உண்டு. இன்பம் ஒருவனுக்கு, நோவு பிறர்க்கு!

பொய் என்று இதைத் தள்ளிவிட முடியுமா? நம் பள்ளத்தாக்கின் எத்தனையோ வீடுகளில் நடப்பது இதுவேயன்றோ! குடித்தவன் தன்னை வீரனாக எண்ணி உறங்கிவிடுகின்றான். மனைவியும் மக்களும் நோவை ஏற்கின்றனர். படைப்பாளர் கருதாத உண்மையொன்று இவ்விளையாட்டின் கணக்குக்குள் ஒளிந்திருக்கின்றது. ஆனால் அங்கே நோவுறுவோர் முகமற்ற பகைவர். இங்கே அவர்களுக்கு முகம் உண்டு, பெயர் உண்டு. அதுவே வேறுபாடு.

'விளையாட்டில் துன்பியலைத் தேடலாமா?' என்று கேட்கலாம். இவ்விளையாட்டே தேடுகின்றது. பிரிந்துபோன தாயைத் தேடும் மகனின் ஏக்கமும், ஓர்ஃபியூஸ் – யூரிடிசே பிரிவும், அகிலீஸ் – பட்ரோக்லஸ் பிரிவும் அதில் கனிவோடு சொல்லப்பட்டுள்ளன. அத்துணைத் துயரங்களைத் தாங்கிய படைப்பு, மதுவின் துயரை மட்டும் நகைப்பாக்கி விட்டது என்பதே நம் குறை.

பொருநைக் கரையின் நாட்டார் மரபு இதனைவிட விழிப்பானது. சீவலப்பேரி முதலிய ஊர்களில் கோயில் கொண்ட சுடலைமாடனுக்குச் சாராயமும் சுருட்டும் படைப்பது வழக்கம். வில்லுப்பாட்டு உச்சம் பெறுகையில் கோமரத்தாடி தன்னை மறந்து ஆடுகின்றார். ஆயினும் அவ்வாட்டத்துக்குக் கொடை நாள் என்னும் எல்லை உண்டு. முன்னதாக நோன்பு உண்டு. முடிவில் சாமி மலையேறும். ஆடியவர் திருநீறு பூசி, மீண்டும் அண்டை வீட்டு மனிதராகின்றார். கொடை இரவுகளில் குடியால் கேடு விளைந்ததே இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. மயக்கத்துக்கு ஒரு வாயில் உண்டென்றால், வெளியேறவும் ஒரு வாயில் வேண்டும் என்பதை அம்மரபு அறிந்திருந்தது. திரையிலுள்ள டயோனிசஸ் மலையேறுவதே இல்லை. ஆண்டு முழுதும் திறந்திருக்கும் மதுக்கடையும் அவ்வாறே.

ஐந்தாம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த கிரேக்கக் கவிஞர் நோன்னுஸ், டயோனிசஸின் இந்தியப் படையெடுப்பை 48 காண்டங்களில் பாடினார். அதில் ஏரி நீர் மதுவாக மாற, பருகி மயங்கிய இந்திய வீரர் கட்டுண்டு சிறைப்படுகின்றனர். யோவான் நற்செய்தியைச் செய்யுளாக்கியவரும் அவரே என்பர். அங்கே கானாவூரில் தண்ணீர் இரசமாகி, ஏழை மணவீட்டின் மானத்தைக் காக்கின்றது. ஒரு கிண்ணம் மனிதரைக் கட்டுகின்றது. மற்றொன்று வீட்டைக் காக்கின்றது.

தமிழில் 'தேறல்' என்பது தெளிந்த மது. 'தேறுதல்' என்பது தெளிவும் ஆறுதலும். ஒரே வேரில் இரண்டையும் வைத்த மொழி நம்முடையது. அவ்விளைஞன் ஆட்டத்தை நிறுத்தி எழுந்தபோது, "நோவு யாருக்கு, தம்பி?" என்று மட்டுமே கேட்டோம். அவன் சற்று எண்ணினான். அவ்வெண்ணமே தெளிவின் தொடக்கம்.