எச்சரிப்பு யாருக்கு, ஆறுதல் யாருக்கு?

விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துக் கிறிஸ்தவர்களிடையே ஒன்றுக்கொன்று முரணான இரண்டு பேச்சுகள் உண்டு. "ஒருதரம் இரட்சிக்கப்பட்டால் என்றைக்கும் இரட்சிப்புதான்" என்பது ஒன்று. "ஜாக்கிரதையாய் இல்லாவிட்டால் இரட்சிப்பை இழந்துபோவாய்" என்பது மற்றொன்று. இரண்டையும் சொல்கிறவர்கள் வேதாகமத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அதிகாரமும் வசன எண்ணும் சொல்லித்தான் பேசுகிறார்கள். ஒருவர் யோவான் 10:28 என்பார். மற்றவர் எபிரெயர் 6:4 என்பார். வசனத்துக்கு வசனம் வைத்து வழக்குத் தீர்க்கும் இந்தப் பழக்கத்தில் பலம் என்ன, பழுது என்ன என்று நிதானமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஏனென்றால் இந்த வழக்கின் தீர்ப்பு கடைசியில் ஒரு மனிதரின் தூக்கத்தையும் நிம்மதியையும் போய்த் தொடுகிறது.

இந்த வட்டாரத்தில் இக்கேள்வி இவ்வளவு கூர்மையாக எழுவதற்கு வரலாறும் ஒரு காரணம். திண்டிவனம் அமெரிக்க ஆற்காடு மிஷனின் நிலையங்களில் ஒன்றாக இருந்தது. ஸ்கடர் குடும்பத்தார் 1853இல் தொடங்கிய அந்த மிஷன், டச்சுக்காரர் வழிவந்த சீர்திருத்தத் திருச்சபையைச் சேர்ந்தது. வால்டர் ஸ்கடர் பெயரில் ஊரில் இன்றும் ஒரு பள்ளி நடக்கிறது. தெற்கே மேல்பட்டாம்பாக்கத்தில் கார்ல் ஓக்ஸ் தொடங்கி, 1863இல் டேனிஷ் மிஷனோடு இணைந்த பணி, பின்னாளில் ஆற்காடு லுத்தரன் திருச்சபையாக வளர்ந்தது. இவர்களுக்கெல்லாம் வெகுகாலம் முன்பே கத்தோலிக்கர்கள் இங்கே வேரூன்றியிருந்தார்கள். இன்று அவர்கள் புதுவை-கடலூர் உயர்மறைமாவட்டத்தின் கீழ் வருகிறார்கள். இருபதாம் நூற்றாண்டில் பெந்தெகொஸ்தே சபைகளும் பரவின. ஒரே குடும்பத்தில் பாட்டி ஒரு சபை, மகன் ஒரு சபை, மருமகள் ஒரு சபை என்று இருப்பது இங்கே அபூர்வமல்ல. ஐரோப்பாவில் நாடு நாடாகப் பிரிந்து நின்ற கொள்கைகள், இங்கே ஒரே வீட்டின் சாப்பாட்டு வேளையில் சந்தித்துக்கொள்கின்றன.

அந்தக் கொள்கைகளை அவற்றின் மூல ஆவணங்களில் பார்த்தால், தெருவில் பேசப்படுவதைவிட அவை மிகவும் நிதானமானவை என்பது தெரியும். 1547இல் ட்ரெந்து சங்கம், சாவான பாவத்தால் ஒருவர் அருளை இழக்கக்கூடும் என்றது. விழுந்தவர் ஒப்புரவு அருளடையாளத்தால் மீண்டும் எழலாம் என்றும் சேர்த்தே சொன்னது. லுத்தரன்களின் 1530ஆம் ஆண்டு ஆக்ஸ்பர்க் அறிக்கை தன் 12ஆம் பிரிவில் இரண்டு தரப்பாரை ஒரே மூச்சில் மறுக்கிறது. நீதிமானாக்கப்பட்டவர் பரிசுத்த ஆவியை இழக்கவே முடியாது என்பவர்கள் ஒரு தரப்பு. ஞானஸ்நானத்துக்குப் பின் விழுந்தவர் மனந்திரும்பினாலும் பாவமன்னிப்புக் கொடுக்க மறுத்த பழைய நோவாத்தியர் மற்றொரு தரப்பு.

1618–19இல் டச்சு நாட்டில் கூடிய டார்ட் சங்கம், தேவன் தம் பிள்ளைகளைக் கடைசிவரை காப்பார் என்று தீர்ப்புச் சொன்னது. தாவீதும் பேதுருவும் விழுந்ததுபோலப் பரிசுத்தவான்களும் கொடிய பாவத்தில் விழக்கூடும் என்பதையும், அவர்களைக் காக்கத் தேவன் எடுத்தாளும் கருவிகளில் வேதத்தின் எச்சரிப்புகளும் அடங்கும் என்பதையும் அதே ஆவணம் ஒப்புக்கொள்கிறது. அந்தச் சங்கம் யாரை எதிர்த்துக் கூடியதோ, அர்மினியுஸ் என்பவரைப் பின்பற்றிய அந்தக் கட்சியாரும் 1610இல் தங்கள் கோரிக்கையின் ஐந்தாவது பிரிவில், விசுவாசி கிருபையிலிருந்து விழ முடியுமா என்பதை வேதத்தில் இன்னும் ஆராய்ந்த பிறகே உறுதியாகப் போதிக்க முடியும் என்று எழுதினார்கள். ஒரு பெரும் சர்ச்சையின் நடுவில் நின்றவர்களே இன்னும் படிக்க வேண்டும் என்று சொன்ன கேள்வியை, நாம் இரண்டு வசனங்களால் முடித்துவைக்கப் பார்க்கிறோம்.

ஆனாலும் வசனத்தைத் தனியே எடுத்துப் பிடித்துக்கொள்ளும் பழக்கத்தை எளிதாகத் தள்ளிவிடக் கூடாது. இந்த வட்டாரத்தின் சீர்திருத்தச் சபைகளைக் கட்டியவர்களில் பெரும்பாலோர் தலித் மக்கள். எழுத்து மறுக்கப்பட்டவர்கள். புத்தகம் முழுவதையும் வாசிக்க முடியாத ஒரு தாய்க்கு மனப்பாடமான நாலு வசனம்தான் முதல் சொத்து. ஆஸ்பத்திரிக் கட்டிலருகிலும் சாவு வீட்டிலும் ரோமர் நிருபத்தின் வாதத்தை யாரும் விளக்கிக்கொண்டிருக்க முடியாது. ஒரு வசனத்தைத்தான் காதில் சொல்ல முடியும். பிரசங்கியார் தவறாகப் பேசினால் எதிர்த்துக் கேட்பதற்குக் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கும் வசனமே ஆயுதம். வேதத்தைக் குருமார் கையிலிருந்து குடிசைக்குக் கொண்டுவந்தது இந்தப் பழக்கம்தான்.

பழுது எங்கே வருகிறது? ஆண்டின் கடைசி இரவு ஆராதனையைப் பாருங்கள். நள்ளிரவு தாண்டியதும் தட்டில் வாக்குத்தத்த அட்டைகள் வரும். சிறுவர்முதல் முதியவர்வரை வரிசையில் வந்து ஆளுக்கு ஒன்று எடுப்பார்கள். எடுத்த கையோடு அடுத்தவருக்கு என்ன வந்தது என்று எட்டிப்பார்ப்பார்கள்; பிறகு அந்த அட்டை வேதாகமத்துக்குள் ஆண்டு முழுவதும் பத்திரமாக இருக்கும். அந்தத் தட்டில் எபிரெயர் 6:4 அச்சிட்ட அட்டை ஒருநாளும் இருப்பதில்லை. அதே மக்கள் சில வாரம் கழித்துக் கன்வென்ஷன் கூட்டத்துக்குப் போனால், மேடையில் அதே எபிரெயர் 6:4 இடியாக முழங்கும். அட்டையில் வந்த வாக்குத்தத்தத்தைப் பற்றி அங்கே பேச்சிருக்காது. எந்த நேரத்துக்கு எந்த வசனம் என்பதை நிகழ்ச்சி தீர்மானிக்கிறது. வேத எழுத்தாளர் யாரிடம், எதற்காக அதை எழுதினார் என்ற கேள்வி இரண்டு இடத்திலும் எழுவதில்லை.

நாம் கொடுக்கும் எண்களும் இதற்கு உடந்தை. வேதாகமத்தின் அதிகாரப் பிரிவுகள் 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்டீஃபன் லாங்டன் செய்தவை. புதிய ஏற்பாட்டின் வசன எண்களை ராபர்ட் எஸ்தியேன் என்ற அச்சகர் 1551இல் போட்டார். எபிரெயருக்கு எழுதியவர் ஆறாம் அதிகாரம் நான்காம் வசனம் என்று ஒன்றை எழுதவில்லை. ஒரு கடிதத்தை எழுதினார்.

அந்தக் கடிதத்தையே எடுத்துக்கொள்வோம். 5:11இல், கேட்பவர்கள் மந்தமாகிவிட்டார்கள், இன்னும் பால் குடிக்கும் நிலையிலேயே இருக்கிறார்கள் என்ற வருத்தம் தொடங்குகிறது. 6:4 முதல் 6 வரை அந்தக் கடுமையான எச்சரிப்பு வருகிறது: பரம ஈவை ருசிபார்த்தும் விலகிப்போனவர்களை மறுபடி மனந்திரும்புதலுக்குக் கொண்டுவருவது கூடாத காரியம் என்கிறார். மூன்றே வசனம் தள்ளி, 6:9இல், பிரியமானவர்களே என்று குரல் மாறுகிறது. உங்களைப் பற்றி நன்மையானதையே நம்பியிருக்கிறோம் என்கிறார். அவர்கள் பரிசுத்தவான்களுக்குச் செய்த ஊழியத்தைத் தேவன் மறக்க மாட்டார் என்கிறார். பிறகு ஆபிரகாமுக்குத் தேவன் இட்ட ஆணை; முடிவில் ஆத்தும நங்கூரம். பத்தாம் அதிகாரத்தில் அந்த மக்களின் கதையும் தெரிகிறது. அவர்கள் நிந்தை சுமந்தவர்கள், சொத்தைப் பறிகொடுத்தவர்கள், சிறையிலிருந்தவர்களோடு பரிதபித்தவர்கள். இப்போது களைத்து, சபை கூடிவருதலை விடத் தொடங்கியிருக்கிறார்கள். நெருக்கடியில் கிறிஸ்துவையே விட்டு விலகத் துணியும் அபாயத்தை முன்வைத்து எழுதிய வரிகள் இவை. கோபத்தில் ஒரு வார்த்தை பேசியவரையோ, குடிப்பழக்கத்தோடு போராடி மறுபடி தோற்றவரையோ மனதில் வைத்து எழுதியவை அல்ல. இதனால் எச்சரிப்பு பொய்யாகிவிடாது. 6:9 வந்து 6:6ஐ அழித்துவிடவும் இல்லை. ஆனால் அந்த எச்சரிப்பு யாரை நோக்கி நிற்கிறது என்பது தெளிவாகிறது.

எதிர்த்தரப்பின் கோட்டையான யோவான் 10:28ஐயும் இப்படியே வாசிக்க வேண்டும். என் கையிலிருந்து என் ஆடுகளை ஒருவனும் பறித்துக்கொள்ள முடியாது என்று இயேசு சொல்வது எந்தப் பின்னணியில்? ஒன்பதாம் அதிகாரத்தில் பார்வை பெற்ற குருடனை மதத்தலைவர்கள் வெளியே தள்ளிவிடுகிறார்கள். இயேசு அவனைத் தேடிக் கண்டுபிடிக்கிறார். அங்கிருந்தே மேய்ப்பன், திருடன், கூலியாள் என்ற பேச்சு தொடங்குகிறது. நடுவில் அதிகார எண் ஒன்று குறுக்கே நிற்பதால் நமக்கு இது தெரிவதில்லை. பிறகு மாரிகாலத்தில், தேவாலயப் பிரதிஷ்டைப் பண்டிகையில், கல்லெறியத் துணிகிறவர்களின் நடுவே அதே ஆடுகளைப் பற்றி இந்த வாக்குறுதியைக் கொடுக்கிறார். ஆக, பாவத்தில் சொகுசாக இருப்பவருக்கு எழுதிக்கொடுத்த அனுமதிச் சீட்டாக இதை வாசிக்க இடமில்லை. மதத்தலைவர்களால் துரத்தப்பட்ட ஒருவன் மேய்ப்பனின் கையிலிருந்து துரத்தப்படவில்லை என்பதே இதன் சாரம். "எங்கள் சபையை விட்டுப் போனால் உன் இரட்சிப்பு போச்சு" என்று மிரட்டும் ஊழியர்கள் முதலில் வாசிக்க வேண்டிய பகுதி இதுதான்.

இதே ஒழுங்கு பவுலிடமும் இருக்கிறது. ரோமர் எட்டாம் அதிகாரத்தின் முடிவில், மரணமும் தேவ அன்பைவிட்டு நம்மைப் பிரிக்காது என்கிறார்; அதைக் கேட்பவர்கள் உபத்திரவத்திலும் பசியிலும் பட்டயத்திலும் நிற்பவர்கள். பதினோராம் அதிகாரத்தில், நீயும் வெட்டுண்டு போவாய் என்கிறார். அதைக் கேட்பவர்கள் இஸ்ரவேலரைவிடத் தாங்கள் மேல் என்று பெருமை பாராட்டிய புறஜாதியார். ஒரே கடிதம், ஒரே கை. நொந்தவருக்கு வாக்குறுதி, இறுமாந்தவருக்கு எச்சரிப்பு. 1 கொரிந்தியர் 10இல் இவை இன்னும் நெருங்கி நிற்கின்றன. நிற்கிறேன் என்று எண்ணுகிறவனுக்கு 12ஆம் வசனத்தில் எச்சரிப்பு. சோதனையில் தேவன் உண்மையுள்ளவர் என்று 13ஆம் வசனத்தில் ஆறுதல்.

மருந்துச்சீட்டு ஆள் மாறிப் போனால் என்ன நடக்குமோ, அதுவே வசனம் ஆள் மாறிப் போனாலும் நடக்கிறது. கூட்டத்தில் கைதூக்கியதோடு எல்லாம் முடிந்தது என்று நம்பி, வட்டிக்கடையில் ஏழையை உறிஞ்சிக்கொண்டும் வீட்டில் மனைவியை அடித்துக்கொண்டும் இருப்பவருக்கு யோவான் 10 போய்ச் சேருகிறது. கருக்கலைந்த துக்கத்தில், தான் செய்த ஏதோ பாவத்தால் தேவன் தன்னைக் கைவிட்டுவிட்டார் என்று இரவெல்லாம் அழும் பெண்ணுக்கு எபிரெயர் 6 போய்ச் சேருகிறது. எச்சரிப்பு தேவைப்பட்டவர் நிம்மதியாகத் தூங்குகிறார். ஆறுதல் தேவைப்பட்டவர் விழித்திருக்கிறார். எச்சரிப்பு வசனங்களுக்கு அதிகாரத்தின் ருசியும் உண்டு. தசமபாகம் குறைந்தால், நகை போட்டால், வேறு சபைக்குப் போனால் என்று அந்தந்த ஊழியரின் சட்டங்களெல்லாம் இரட்சிப்போடு முடிச்சுப் போடப்படும்போது, பயமே சபையை நடத்தும் முறையாகிவிடுகிறது.

சூழலோடு வாசி என்பதும் குறையற்ற மந்திரம் அல்ல. "அது அந்தக் காலத்து எபிரெயருக்கு எழுதியது" என்று சொல்லி, தன்னைக் குத்தும் வசனத்தையெல்லாம் தள்ளிவைக்க அது வசதியான வழியாகிவிடும். இறையியல் கல்லூரியில் படித்தவருக்கே வேதம் புரியும் என்ற புதிய குருத்துவத்தையும் அது உண்டாக்கும். எழுதியவரின் சூழலைத் தெரிந்துகொண்ட பிறகு அது இன்று யாரிடம் பேசுகிறது என்று கேட்காமல் விட்டால், வாசிப்பு பாதியில் நின்றுவிடும். சூழலைப் பார்ப்பது வசனத்தின் கூர்மையை மழுக்க அல்ல, அந்தக் கூர்மை சரியான இடத்தில் பட வேண்டும் என்பதற்காக.

இதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை என்பதற்குத் திண்டிவனத்திலேயே சான்று இருக்கிறது. அங்குள்ள தமிழ்நாடு விவிலிய மறைக்கல்வி திருவழிபாட்டு நடுநிலையம் வெளியிட்ட திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பு, 1995இல் வந்தது. ஒவ்வொரு நூலுக்கும் முன்னுரை உண்டு. பகுதிகளுக்குத் தலைப்பும் உண்டு. ஒரு கடிதம் ஏன் எழுந்தது என்பதை இரண்டு நிமிடத்தில் வாசித்துத் தெரிந்துகொள்ளலாம். பழைய மொழிபெயர்ப்பின் மேல் பற்றுள்ள சபையாரும் அந்த முன்னுரைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசித்தால் நட்டமில்லை. மேல்மட்டத்திலும் சுவர்கள் இளகியிருக்கின்றன. நீதிமானாக்கப்படுதல் பற்றி லுத்தரன் உலக ஐக்கியமும் கத்தோலிக்கத் திருச்சபையும் 1999இல் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. மீட்பின் நிச்சயம் குறித்தும் அதில் ஒரு பகுதி இருக்கிறது. சீர்திருத்தத் திருச்சபைகளின் உலக ஐக்கியம் 2017இல் அதில் இணைந்தது. நானூறு ஆண்டுகளுக்கு மேல் மோதிய மரபுகள் ஒரே மேசையில் உட்கார முடிந்தது, தங்கள் வசனங்களைக் கைவிட்டதால் அல்ல. எதிர்த்தரப்பின் வசனங்களையும் முழுமையாக வாசித்ததால்.

இரட்சிப்பை இழக்க முடியுமா என்ற கேள்விக்கு என் பதில் இது. தேவனின் பிடி தளர்வதாக வேதம் எங்கும் சொல்லவில்லை. நாம் முதுகைத் திருப்புவதை அது விளையாட்டாக எடுத்துக்கொள்ளவும் இல்லை. இரண்டையும் முழு வலுவோடு சொல்லும் நூலிலிருந்து ஒன்றைப் பிடுங்கி எறிய நமக்கு உரிமை கிடையாது. ஆனால் இந்த ஆள் இரட்சிப்பை இழந்துவிட்டார் என்று பெயர் சொல்லித் தீர்ப்பளிக்கும் அதிகாரத்தை எந்த வசனமும் எந்த ஊழியருக்கும் கொடுக்கவில்லை. எபிரெயர் நிருபத்தை எழுதியவரே, அவ்வளவு கடுமையாக எழுதியும், தன் மக்களில் ஒருவரைக்கூட அந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. எச்சரித்துவிட்டு, உங்களை நம்புகிறேன் என்றார்.

ஆகவே பிரசங்க மேடைக்கு ஒரு வேண்டுகோள்: வசனத்தைச் சொல்லுமுன் அந்த அதிகாரம் முழுவதையும், தேவைப்பட்டால் முந்தின அதிகாரத்தையும், சபை கேட்க வாசியுங்கள். அதற்குப் பத்து நிமிடம் போதும். பிறகு எச்சரிக்க வேண்டியவர்களை எச்சரியுங்கள். தான் தொலைந்துபோனேனோ என்று பயந்து வந்து கேட்கிறவரிடம் மட்டும் எச்சரிப்பு வசனத்தை நீட்டாதீர்கள். அவர் முதுகைத் திருப்பியவர் அல்ல. திருப்பியிருந்தால் கேட்க வந்திருக்க மாட்டார்.