மாத்திரை கோத்த துகில்

"கலை கலைக்காகவே" என்பார் சிலர். "கலை கடவுளுக்காகவே" என்பார் வேறு சிலர். இருசாராரும் முகஞ்சுளிக்கத்தக்க பொருளொன்றை எடுத்துக்கொண்டு, கலைஞர் இருவரும் மருத்துவர் ஒருவரும் கூடி இலண்டனில் ஒரு படைப்பை உருவாக்கினர். பாவையன்று, பதுமையன்று, மாத்திரை! நீரோடு விழுங்கிவிட்டு மறுகணமே மறந்துவிடுகிறோமே, அந்த மாத்திரை!

"தொட்டில் முதல் கல்லறை வரை" என்பது படைப்பின் பெயர். 2003ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் 24ஆம் கூடத்தில் வைக்கப்பட்டது. நாம் அதை நேரிற் கண்டோமில்லை. படங்களாலும் குறிப்புகளாலுமே அறிவோம். கண்டவர்போல் எழுதுவது திறனாய்வுக்கு அழகன்று என்பதால் இதை முன்னரே சொல்லிவிடுகிறோம்.

நைலான் இழையாற் பின்னிய இரு நீண்ட துகில்கள். ஒன்று ஓர் ஆணின் வாழ்வு. மற்றொன்று ஒரு பெண்ணின் வாழ்வு. வலைபோன்ற பின்னலெங்கும் சின்னஞ்சிறு பைகள். பைக்கு ஒரு மாத்திரை. ஒவ்வொரு துகிலிலும் 14,000க்கு மேல்! பிரிட்டனில் ஒருவருக்கு வாழ்நாள் முழுவதும் மருத்துவர் எழுதித்தரும் மருந்துகளின் சராசரி மதிப்பீடு அது. கடையில் தாமே வாங்கி விழுங்குபவை இக்கணக்கிற் சேரா. துணிக்கலைஞர் சூசி பிரீமன் பின்னினார். வீடியோக் கலைஞர் டேவிட் கிரிச்லி உடனுழைத்தார். எவ்வயதில் எந்நோய், எந்நோய்க்கு எம்மருந்து என்னும் கணக்குக்கு மருத்துவர் லிஸ் லீ துணைநின்றார். துகிலில் வாழும் ஆணும் பெண்ணும் தனியொருவர் அல்லர். பல நோயாளிகளின் பதிவேடுகளைக் கூட்டி ஆக்கிய உருவங்கள்.

நாம் பள்ளியிற் கணக்குப் போடுகிறவர்கள். இங்கும் போட்டுப் பார்த்தோம். அந்த ஆண் 76ஆம் வயதில் பக்கவாதத்தால் மடிகிறான். சராசரி பார்த்தால் இரண்டு நாளுக்கு ஒரு மாத்திரை. ஆனால் வாழ்வு சராசரியாய் நடக்கிறதா? கடைசிப் பத்தாண்டில் அவன் விழுங்கியது, முதல் 66 ஆண்டுகளில் விழுங்கியதற்கு ஈடு! மூன்று நாளுக்கு ஒன்றுகூட இல்லாமல் வாழ்ந்தவன், நாளொன்றுக்கு இரண்டு என்று முடிக்கிறான். இதைப் புள்ளிவிவர ஏட்டில் ஒரு வரியிற் சொல்லிவிடலாம். படித்தவன் பக்கத்தைப் புரட்டிவிடுவான். துகிலோரமாய் நடப்பவனோ பாதித் தூரத்தில் அவனது 66 வயதையும் கடந்துவிடுகிறான். எஞ்சிய பாதித் தூரம் முழுவதும் பத்தே ஆண்டு! கால் உணர்ந்ததைக் கருத்து மறப்பதில்லை. மருத்துவரால் மட்டும் இது ஆகாது. பின்னல்காரரால் மட்டும் இது முடியாது.

பெண்ணின் துகிலில் நம்மை மிகக் கவர்ந்த இடம் வேறொன்று. கருத்தடை மாத்திரைகள்! பிரிட்டனில் 1961இல் அரசு மருத்துவத்தில் நுழைந்தவை அவை. நோய்க்கு மருந்தல்ல; எப்போது தாயாவது, ஆவதா வேண்டாவா என்பதைத் தானே முடிவு செய்த பெண்ணின் கையெழுத்து. "ஆண்டவன் கொடுத்தது" என்று பெற்றுப் பெற்றே மாண்ட பாட்டிமார் எத்தனை பேர், தோழர்களே!

குறையொன்றும் உண்டு, அதை மறைக்க மாட்டோம். எண்ணிக்கையை அளவுகோலாகக் கொண்ட படைப்பு இது. எண்ணிக்கை மிகுந்தது பேரிடம் பெறுகிறது, குறைந்தது ஒதுங்கிவிடுகிறது. பிறந்தவுடன் போடும் வைட்டமின் கே ஊசியும், குழந்தைப் பருவத் தடுப்பூசிகளும் துகிலின் தொடக்கத்தில் சிற்றிடமே பெறுகின்றன. பெரியம்மை உலகினின்றே ஒழிந்ததென 1980இல் உலக நல நிறுவனம் அறிவித்ததே, அதைச் சாதித்தது ஆளுக்கு ஓரிரு அம்மைக்குத்து! தூய குடிநீரோ எந்தப் பையிலும் அடங்காது. உயிரை மிகுதியாய்க் காத்தவை கண்ணுக்கு மிகச் சிறிதாய்த் தெரிகின்றன. இழையின் குற்றமன்று இது. எண்ணுவதையே முறையாகக் கொண்டதன் விளைவு. துகிலருகே வைத்த குடும்பப் படங்களும், அவற்றுக்குரியவர்களே எழுதிய குறிப்புகளும், வாழ்வு மருந்தினும் பெரிது என்று காட்டி இக்குறையை ஓரளவு ஈடுசெய்கின்றன.

இனிக் கூடத்திற்கு வருவோம். "வாழ்தலும் சாதலும்" என்பது அக்கூடத்தின் பெயர். நோய்க்கும் சாவுக்கும் அஞ்சி உலகெங்கும் மக்கள் செய்துகொண்ட பொருள்களின் நடுவே கிடக்கிறது நம் துகில். ஈஸ்டர் தீவின் கற்சிலையும் அங்கே நிற்கிறது. பார்ப்பவன் என்ன நினைப்பான்? "அவனுக்குத் தாயத்து, இவனுக்கு மாத்திரை, எல்லாம் நம்பிக்கைதானே!" என்று நினைத்துவிட்டால்? நம் வகுப்பிலும் தாயத்துக் கட்டிய கைகள் உள்ளன. ஆகவே இவ்வையம் நமக்கு வெறும் ஏட்டுவாதமன்று.

விடை அத்துகிலிலேயே இருக்கிறது. நடுவயதில் அப்பெண் ஹார்மோன் மாத்திரை உண்கிறாள். துகில் காட்சிக்கு வருவதற்கு ஓராண்டு முன்னர், 2002இல், அமெரிக்காவில் நடந்த பேராய்வொன்றின் ஒரு பகுதி இடையிலேயே நிறுத்தப்பட்டது. இருவகை ஹார்மோன் சேர்ந்த மாத்திரை மார்புப் புற்றுநோயின் இடரைக் கூட்டுவதாகக் கண்டதே காரணம். மருத்துவர் எழுதும் சீட்டு மாறிற்று. எவ்வயதினர்க்கு ஏற்றது, எவர்க்கு ஆகாது என்று மேலும் ஆராய்ந்தனர். எந்தத் தாயத்தை எந்த மந்திரவாதி இவ்வாறு திரும்பப் பெற்றான்? ஆயினும், ஏன் எதற்கு என்று கேளாமல் மாத்திரையை விழுங்குகிறவன் தாயத்துக் கட்டியவனுக்கு அண்டை வீட்டுக்காரனே. கூடத்தை அமைத்தவர்கள் இதைக் கருதியிருப்பின், அவர்கள் குத்தல் நம்மையும் தைக்கிறது.

அக்கூடம் வெல்கம் அறக்கட்டளையின் பெயர் தாங்கியது. 1936இல் ஹென்றி வெல்கமின் உயில்வழி அமைந்தது அவ்வறக்கட்டளை. அவர் செல்வமோ 1880இல் தொடங்கிய மருந்து வாணிகத்தில் விளைந்தது. மாத்திரை விற்ற செல்வத்தின் வழிவந்த கூடத்தில் மாத்திரைத் துகில்! படைப்பைக் குறைசொல்ல இதை எழுதவில்லை, எழுதாதிருப்பது முறையன்று.

துகிலில் விலைச்சீட்டு இல்லை. 1948இல் பிரிட்டன் தன் மக்கள் அனைவர்க்கும் பொது மருத்துவப் பணியைத் தொடங்கியது. பணம் எண்ணாமல் மருத்துவரைக் காணலாம் என்ற நிலை வந்ததாலும், பதிவேடு பேணப்பட்டதாலுமே இத்துகிலுக்குக் கணக்குக் கிடைத்தது. 14,000 மாத்திரைக்கும் பையுண்டு. இச்செய்திக்குப் பின்னலில் இடமில்லை.