கோணலாக வந்து நேராக இறங்குதல்

ஆனி, ஆடியில் ஆரியங்காவு கணவாய் வழியே வரும் காற்று தென்காசிக் கோபுரவாசலில் ஆளைத் தள்ளும். குற்றாலச் சாரலில் குடை பிடித்தவர் எல்லோரும் காற்று வரும் பக்கம் குடையைச் சாய்த்துத்தான் நடப்பார்கள். பக்கக்காற்றில் விமானம் இறக்குவதும் இந்தச் சாய்வில்தான் தொடங்குகிறது.

விமானி மூக்கைக் காற்றின் பக்கம் திருப்பி, ஓடுபாதையை நோக்கிக் கோணலாகவே வருவார். சக்கரம் தரை தொடப்போகும் நொடிகளில்தான் வித்தை. காலடிப் பெடலை மிதித்து மூக்கை நேராக்க வேண்டும். அதே கணம் காற்றுப்பக்க இறக்கையைச் சற்றுத் தாழ்த்த வேண்டும். அந்தப் பக்கச் சக்கரம் முதலில் தொடும், மற்றது பிறகு. கையும் காலும் எதிரெதிராக வேலை செய்யும் அழகு அது.

அதைவிட நான் மதிப்பது, இறங்காமல் விடும் துணிவை. 2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல் நாள். சென்னையில் இறங்க வந்த இன்டிகோ விமானம் தரையருகே தள்ளாடியது. விமானி உடனே முழு விசை கொடுத்து மீண்டும் வானேறினார். காணொளி பார்த்தவர்கள் பதறினார்கள். ஆனால் இது பயிற்சியில் திரும்பத் திரும்பப் பழகும் முறை, தோல்வியே அல்ல.

இன்னொன்று: மழையில் விமானம் 'தொம்' என்று இறங்கினால் முகம் சுளிக்காதீர்கள். மெத்தென்று தொட்டால் சக்கரம் நீர்ப்படலத்தின் மேல் வழுக்கக்கூடும். அழுத்தி இறக்கினால்தான் டயர் தண்ணீரைக் கிழித்துத் தரையைப் பிடிக்கும், பிரேக்கும் பிடிக்கும்.