'போலி' முத்திரையை யார் குத்துவது?

பல ஆண்டுகளாகத் தீபாவளி நெருங்கும்போது ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இந்தியாவை நேரடியாகத் தாக்க முடியாத பாகிஸ்தான், ஆஸ்துமாவை உண்டாக்கும் நச்சுப் பட்டாசுகளைச் சீனாவிடம் சொல்லிச் செய்வித்து அனுப்பியிருக்கிறதாம். உள்துறை அமைச்சகத்தின் மூத்த அதிகாரியே எச்சரித்திருக்கிறாராம். அமைச்சகம் அப்படி எதுவும் சொல்லவில்லை என்று பத்திரிகைத் தகவல் அலுவலகத்தின் உண்மை கண்டறியும் பிரிவு மறுத்தது. மறுத்த பிறகும் செய்தி ஓயவில்லை.

பட்டாசுத் தொழிலே பிழைப்பான நம் தாயில்பட்டியில் இருந்து பார்த்தால் இது நமக்குச் சாதகமான பொய். வெம்பக்கோட்டை வட்டாரத்தில் உலை கொதிப்பதே, பட்டாசு ஆபீஸ் என்று நாம் சொல்லும் ஆலையின் கூலியில்தான். சீனச் சரக்கு ஒதுங்கினால் நம் சரக்கு நகரும். இத்தனைக்கும் சீனச் சரக்கை எதிர்க்கப் பொய்யே தேவையில்லை. குளோரேட்டும் கந்தகமும் கலந்த வெடிகளுக்கு 1992 முதலே இந்தியாவில் தடை இருக்கிறது. லேசான உரசலிலேயே பற்றிக்கொள்ளும் கலவை அது. உரிமம் இல்லாமல் வெளிநாட்டுப் பட்டாசை இறக்குவதும் குற்றம். இதைச் சொன்னாலே போதும்.

சாதகமான பொய் என்றாலும் அதற்கு ஒரு விலை உண்டு. 2018 அக்டோபரில் உச்சநீதிமன்றம் பேரியம் உப்புகளையும் சரவெடியையும் தடை செய்தது. அந்தத் தடை கேள்வி கேட்டது நம் வெடிமருந்தைப் பற்றி, நம் காற்றைப் பற்றி. நஞ்சு எல்லைக்கு அப்பாலிருந்து வருகிறது என்று நம்பிவிட்டால், அறைக்குள் உட்கார்ந்து மருந்து செலுத்தும் பெண்ணின் மூச்சைப் பற்றிப் பேசவேண்டிய அவசியமே இல்லாமல் போகிறது. இந்தப் பொய்யில் எனக்குப் பெரிய குற்றமாகப்படுவது அதுதான்.

அப்படியானால் அரசே பொய்களை நீக்கட்டும் என்று தோன்றும். அந்த வாதத்தைத் தள்ளிவிட முடியாது. 2023 மார்ச்சில், பீகார் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் அடித்துக் கொல்கிறார்கள் என்று காணொளிகள் பரவின. வேறு மாநிலங்களில் நடந்த, இதற்குச் சம்பந்தமே இல்லாத சம்பவங்களும் அவற்றில் இருந்தன. தொழிலாளர்கள் அஞ்சி ரயில் ஏறினார்கள். காவல்துறைத் தலைவர் சைலேந்திர பாபு காணொளியிலேயே மறுத்தார். பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து நேரில் விசாரித்தது. இந்தக் காட்சி வேறு ஊரில், வேறு காரணத்தால் நடந்தது என்று எடுத்துக்காட்டியது பலன் தந்தது. அரசு விரைவாகப் பேசியதால் தீ பரவாமல் நின்றது.

ஆனால் அரசு அத்தோடு நிற்கவில்லை. அந்தப் பொய்யைப் பரப்பிய யூடியூபர் மணீஷ் காஷ்யப் மீது தேசியப் பாதுகாப்புச் சட்டம் பாய்ந்தது. அந்த ஆணையை உயர்நீதிமன்ற மதுரைக் கிளை பின்னர் ரத்து செய்தது. அவர் பரப்பியது தீங்கான பொய். அதற்குச் சாதாரணக் குற்றவியல் சட்டமே இருக்கிறது. விசாரணையின்றி அடைத்து வைக்கும் சட்டத்தை ஒரு பொய்யனுக்கு எதிராக எடுத்தால், நாளை அது உண்மை சொன்னவனையும் தேடிவரும். அதே ஆண்டில் தமிழ்நாடு அரசு தனக்கென ஓர் உண்மை கண்டறியும் குழுவையும் தொடங்கியது. ஆளுங்கட்சி மேடையில் பேசுவதை அது சோதிக்குமா என்ற கேள்வி இன்றும் நியாயமானதே.

மத்திய அரசு இன்னும் தூரம் போனது. 2023 ஏப்ரலில் தகவல் தொழில்நுட்ப விதிகளைத் திருத்தி, மத்திய அரசின் அலுவல்கள் பற்றிய ஒரு பதிவை அரசின் பிரிவே போலி என்று குறித்தால் சமூக ஊடக நிறுவனம் அதன் பின்விளைவைச் சுமக்கவேண்டும் என்றது. நகைச்சுவைக் கலைஞர் குணால் கம்ரா உள்ளிட்டோர் வழக்குத் தொடுத்தார்கள். 2024 ஜனவரியில் பம்பாய் உயர்நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் மாறுபட்டுத் தீர்ப்பளித்தார்கள்; செப்டம்பரில் மூன்றாவது நீதிபதி சந்துர்கர் அந்த விதி அரசமைப்புக்கு முரணானது என்றார். விதி விழுந்தது.

இது ஏதோ மும்பை நகைச்சுவைக் கலைஞரின் வழக்கு என்று நம் பக்கத்தில் நினைத்தவர்கள் உண்டு. ஆனால் 'நாக்பூர் லைசென்ஸ்' என்று நாம் சொல்கிறோமே, அதைத் தரும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு மத்திய அரசினுடையது. அதன் ஆய்வும் உரிமமும் மத்திய அரசின் அலுவல்களே. 2021 பிப்ரவரியில் அச்சங்குளம் பட்டாசு ஆலை வெடிப்பில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, ஆலை உள்குத்தகைக்கு விடப்பட்டிருந்தது வெளிச்சத்துக்கு வந்தது. அதே ஆண்டு ஜூனில் தாயில்பட்டியிலேயே வீட்டில் வைத்துச் செய்த பட்டாசு வெடித்து உயிர்கள் போயின. இப்படியொரு நாளில், "ஆய்வுக்கு யாரும் வரவில்லை, ஓர் அறையில் இத்தனை பேரை உட்கார வைத்தார்கள்" என்று ஒரு தொழிலாளி எழுதினால், அந்த விதி நிலைத்திருந்தால் அதைப் போலி என்று குறிக்கும் அதிகாரம் யாரிடம் இருந்திருக்கும்? குற்றம் சாட்டப்பட்டவரிடமே.

வெடி விபத்தன்று இங்கே வதந்தி பிறப்பதற்கும் காரணம் உண்டு. வேலைக்குப் போனவர் உயிரோடு இருக்கிறாரா என்று தெரியாமல் குடும்பம் அரசு மருத்துவமனை வாசலில் நிற்கும். அதிகாரப்பூர்வச் சொல் மணிக்கணக்கில் வராது. சாவுக் கணக்கை மறைக்கிறார்கள் என்ற செய்தி அந்த இடைவெளியில்தான் வேரூன்றுகிறது. அதை நீக்க ஆணையிடுவது எளிது. அதற்குப் பதிலாக, ஆலையின் உரிமம் எந்த வகை, எத்தனை அறை, எத்தனை பேருக்கு அனுமதி, கடைசி ஆய்வு எப்போது, அதில் என்ன கண்டார்கள் என்பதை மாவட்ட நிர்வாகம் எல்லா ஆலைகளுக்கும் முன்கூட்டியே தமிழில் வெளியிட்டு வைக்கலாம். விபத்தன்று மருத்துவமனைப் பட்டியலைக் குடும்பங்களிடம் மணிக்கொருமுறை வாசிக்கலாம். இதற்குப் புதுச் சட்டம் எதுவும் வேண்டியதில்லை.