பட்டியல் சொல்லும் அளவும் குழாய் சொல்லும் அளவும்

பழைய சைக்கிள் ஒன்றைச் செப்பனிட முனைவோர் பலர் முதலில் தேடுவது ஓர் அளவுப் பட்டியலைத்தான். சைக்கிளின் பெயரையும் மாடலையும் பார்த்தால், எதிரே சீட் பில்லரின் விட்டம் மில்லிமீட்டரில் தரப்பட்டிருக்கும். சீட்டைத் தாங்கிக்கொண்டு சட்டத்தின் குழாய்க்குள் இறங்கி நிற்கும் தண்டையே சீட் பில்லர் என்கிறோம். இத்தகைய பட்டியல்களுள் பெயர்பெற்றது, அமெரிக்காவில் சைக்கிள் பழுதுபார்ப்பதில் வல்லவராக விளங்கிய ஷெல்டன் பிரவுன் (1944–2008) தொகுத்தது. அந்த உழைப்பைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. ஆயினும், பட்டியலில் கண்டதை அப்படியே நம்பித் தண்டு வாங்கும் பழக்கத்தைப் பற்றிச் சில சொல்ல வேண்டியிருக்கிறது.

பட்டியல் ஏன் தேவைப்பட்டது என்று முதலில் பாருங்கள். பழைய எஃகுச் சட்டங்களுக்கான தண்டுகள் 0.2 மி.மீ. இடைவெளியில் பல அளவுகளில் செய்யப்பட்டன: 26.4, 26.6, 26.8, 27.0, 27.2 என்று இது செல்லும். பார்வைக்கு எல்லாம் ஒன்றே போலிருக்கும். இவ்வளவு அளவுகள் எதற்கு? விடை எளிய கழித்தலில் இருக்கிறது. இங்கிலாந்து முறையில் சட்டக் குழாயின் வெளி விட்டம் ஒன்றேகால் அரைக்கால் என்றெல்லாம் இல்லை. 1⅛ அங்குலம், அதாவது 28.6 மி.மீ. சுவரின் தடிப்பு 0.6 மி.மீ. என்றால், இருபுறமும் கழிக்க உள் விட்டம் 27.4. வழுக்கிச் செல்லச் சிறிது இடம் விட்டால் 27.2 மி.மீ. தண்டு பொருந்தும். சுவர் 0.9 மி.மீ. என்றால் 26.6. பிரெஞ்சுக் குழாயின் வெளி விட்டமோ 28.0 மி.மீ.; அதில் சுவர் 0.7 மி.மீ. என்றால் 26.4. உயர்ந்த ரகக் குழாய்க்குச் சுவர் மெல்லியது. ஆகவே விலை கூடிய சைக்கிளுக்குத் தண்டு பருமனாக இருப்பதில் வியப்பில்லை.

ஆக, அளவைத் தீர்மானிப்பவை வெளி விட்டமும் சுவர்த் தடிப்புமே. சைக்கிளின் மேல் எழுதிய பெயருக்கு இதில் நேரடிப் பங்கு கிடையாது. பட்டியலோ பெயரிலிருந்து தொடங்குகிறது. சிகாகோவின் ஷ்வின் கம்பெனி பெருந்தொகையாகச் செய்த வார்சிட்டி போன்ற மாடலுக்கு இது நன்றாகவே உதவும். 13/16 அங்குலம் என்றால் 13/16 அங்குலம்தான். ஆனால் பிரான்சின் பெஷோவை எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரணக் கார்பன் எஃகில் யூஓ-8 வந்தது. ரெனால்ட்ஸ் 531 குழாயில் பிஎக்ஸ்-10 வந்தது. பெயர் ஒன்று, குழாய் வேறு. மேல் பெயின்ட் மாறிப்போன பழைய சட்டத்தில் எது எதுவென்று எப்படி அறிவது?

இன்னொரு குறை இதைவிடப் பெரிது. சைக்கிளில் ஏற்கெனவே இருந்த தண்டை அளந்து பட்டியலில் சேர்த்திருந்தால், அந்தத் தண்டே தவறானதாக இருக்கலாமல்லவா? முந்தைய உரிமையாளர் கையில் கிடைத்ததைச் செருகி, தகரத் துண்டு ஒன்றைச் சுற்றி இறுக்கியிருப்பார். அந்தத் தவறு அச்சேறிவிட்டால் அதுவே சான்றாகிவிடும்.

0.2 மி.மீ. அற்பமா? வட்டத்தின் சுற்றளவு விட்டத்தைப்போல் 3.14 மடங்கு என்பதை நினைவுகூருங்கள். 27.2 வேண்டிய இடத்தில் 26.8 மி.மீ. தண்டை இட்டால், சுற்றளவில் ஏறத்தாழ 1.26 மி.மீ. குறைகிறது. அத்தனையையும் குழாயின் தலையிலுள்ள பிளவை நெருக்கித்தான் ஈடுசெய்ய வேண்டும். போல்ட்டைத் திருகத் திருகப் பிளவின் வாய் மட்டும் ஒடுங்கும். இரு காதுகளும் உள்நோக்கி வளையும். பிடிப்போ மேல் விளிம்பில் மட்டுமே. தண்டு மெல்ல இறங்கும், ஆடும். இறுக்கிக்கொண்டே போனால் காது விரிசல் காண்பதும் உண்டு. பெரிய தண்டைச் சுத்தியால் அடித்து இறக்குவது அதைவிட மோசம். தண்டும் கெடும், சட்டமும் கெடும். புதிய தண்டு எளிதில் வாங்கலாம். நாற்பது ஆண்டுப் பழைய சட்டத்தை எங்கே வாங்குவது?

ஆகவே பட்டியலைத் திறக்குமுன் அந்தப் பிளவைப் பாருங்கள். தண்டு செருகி இறுக்கிய நிலையில் அதன் இரு ஓரங்களும் இணைகோடுகளாக இருந்தால் அளவு சரியாக இருக்க வாய்ப்பு மிகுதி. மேலே குறுகிக் கீழே அகன்றிருந்தால் தண்டு சிறியது. இதற்குக் கருவியே வேண்டாம்.

பிறகு அளவுங்கள். பள்ளி ஆய்வுக்கூடத்து வெர்னியர் அளவியின் மீச்சிற்றளவு 0.1 மி.மீ.; நமக்கு வேண்டிய இடைவெளி அதைப்போல் இருமடங்கு. எனவே அதுவே போதும், சுழிப் பிழையைத் திருத்திக்கொண்டால். குழாயின் வாயை அளக்கும்போது மட்டும் எச்சரிக்கை தேவை. பல்லாண்டு இறுக்கத்தால் வாய் நெளிந்திருக்கும். தட்டையான தாடைகள் வளைந்த சுவரில் சரியாக அமராமல் விட்டத்தைச் சற்றுக் குறைத்தும் காட்டும். பிசிறு நீக்கி, பிளவுக்குக் கீழே இரண்டு மூன்று திசைகளில் அளந்து பார்ப்பது நல்லது. கடைசித் தீர்ப்பு தண்டைச் செருகிப் பார்ப்பதில்தான்: கிரீஸ் தடவிய தண்டு கையால் திருகியவுடன் இறங்க வேண்டும், பக்கவாட்டில் ஆடக் கூடாது.

பட்டியல் தொகுப்போருக்கும் ஒரு வேண்டுகோள். இன்னும் இரண்டு கட்டங்களைச் சேருங்கள்: குழாயின் வெளி விட்டம் எவ்வளவு, அளந்தது குழாயையா, தண்டையா.