இளம் ஆய்வாளர்க்குப் பரிசு: படித்துப் பார்த்தவர் யார்?

2004ஆம் ஆண்டு அக்டோபரில் தமிழ், செம்மொழி என்று நடுவண் அரசால் அறிவிக்கப்பட்டது. அதன்பின் அம்மொழியாய்வை ஊக்குவிக்கும் பொருட்டுக் குடியரசுத் தலைவர் விருதுகள் மூவகையாக வகுக்கப்பட்டன. முதிர்ந்த புலமையாளர்க்குத் தொல்காப்பியர் விருது. அயல்நாடுகளில் வாழ்ந்து தமிழாய்வோர்க்குக் குறள் பீட விருது. 30 முதல் 40 வயதுக்குட்பட்ட ஐவர்க்கு ஆண்டுதோறும் இளம் அறிஞர் விருது. இளையவர் ஒவ்வொருவர்க்கும் பரிசுத் தொகை 1 இலட்சம் ரூபாய். இவற்றை நடத்தும் பொறுப்பு சென்னைச் செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனத்தைச் சார்ந்தது. முன்னிரண்டு விருதுகளைப் பற்றி ஈண்டு விரித்துரைக்க வேண்டுவதில்லை. வாழ்நாளெல்லாம் உழைத்தவர்க்கு நாடு செலுத்தும் நன்றி அது. அதில் சிறு பிழை நேரினும் கல்விக்குப் பெருங்கேடில்லை. மூன்றாவதே சிந்தனைக்குரியது.

முதியவர்க்கு அளிக்கும் பரிசு பின்னோக்கியது. இளையவர்க்கு அளிப்பதோ முன்னோக்கியது. ஆரணித் தறிக்காரரிடம் கேட்டால் இவ்வேறுபாட்டை எளிதில் சொல்லிவிடுவார். நெய்து முடித்த சேலைக்குக் கூலி கொடுப்பது ஒன்று. பாவும் ஊடையும் கொடுத்துத் தறியில் அமரச் செய்வது மற்றொன்று. கணிதத் துறையில் 1936ஆம் ஆண்டு முதல் வழங்கப்பெறும் ஃபீல்ட்ஸ் பதக்கம் நாற்பது வயதைக் கடவாதவர்க்கே உரியது. செய்த பணிக்குப் பாராட்டாகவும் இனிச் செய்ய வேண்டிய பணிக்கு ஊக்கமாகவும் அது அமைய வேண்டும் என்பதே அதனை நிறுவியவரின் கருத்து. 2014இல் அப்பதக்கத்தைப் பெற்ற முதற்பெண்மணி ஈரான் நாட்டுப் புதல்வி மர்யம் மீர்ஸாகானி. அப்போது அவருக்கு வயது 37. மூன்றே ஆண்டுகளில் அவர் மறைந்தார். காலந்தாழ்த்தி அளிக்கும் பரிசு யாருக்குப் பயன்படும் என்று எண்ணிப் பார்க்க இவ்வொரு சான்றே போதும். நம் நாட்டில் சில ஆண்டுகளின் விருதுகள் சேர்த்து வைத்து ஒரே விழாவில் வழங்கப்பட்டதுண்டு. முதியவர்க்கே அது வருத்தந் தருவது. இளையவர்க்கோ விருதின் நோக்கத்தையே அழிப்பது.

நம் வட்டாரத்துச் செய்தி ஒன்றை இங்கே நினைவுகூர்தல் பொருந்தும். ஆரணியை அடுத்த திருமலையின் பாறைகளில் சமண சமயக் கல்வெட்டுகள் பல உள்ளன. முதலாம் இராசேந்திர சோழனின் கங்கை வரையிலான வெற்றிகளை நிரல்படக் கூறும் மெய்க்கீர்த்தி அவற்றுள் ஒன்றில் காணப்படுகிறது. உலக அறிஞரெல்லாம் எடுத்தாளும் அக்கல்வெட்டு, உண்மையில் ஒரு வணிகரின் மனைவி குந்தவை ஜினாலயத்திற்கு அளித்த விளக்குக் கொடையைப் பதிவு செய்ய எழுந்தது என்பது பலர் கவனியாத சுவையான செய்தி! அதனைப் படித்து 1890இல் தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் வெளியிட்டவர் ஜெர்மானியரான ஹுல்ட்ஷ். அப்போது அவருக்கு வயது 33. அவருக்கு உதவியாளராய் அமர்ந்தவர் 1864இல் பிறந்த வெங்கையா. இதே ஆரணிப் பக்கத்தவர். இருபதுகளில் இருந்த இளைஞர். கல்லூரியிற் பயின்றதோ இயற்பியல். பிற்காலத்தில் இந்திய அரசின் தலைமைக் கல்வெட்டறிஞராக உயர்ந்தவர் அவர். இயற்பியல் பட்டதாரியிடம் கல்வெட்டறிவு இருக்கிறதா என்பதை எந்தச் சான்றிதழ் சொல்லியிருக்கும்? அருகிலிருந்து அவர் படிப்பதைப் பார்த்த ஒருவரால்தான் சொல்ல இயலும்.

இன்றைய தேர்வு முறையிற் காணும் முதற்குறை இதுவே. விருதுச் செய்தி வெளிவரும் நாளில் செய்தித்தாளில் நாம் காண்பது பெயர்ப் பட்டியல், பதவி, பணிபுரியும் கல்லூரி, ஒரு நிழற்படம். இவர் எந்நூலில் எச்சிக்கலை அவிழ்த்தார், எப்பாடத்தைத் திருத்தினார், முன்னோர் கொள்கையில் எதனை மறுத்தார் என்று சொல்லும் ஒரு பத்தியேனும் வாசகரை வந்தடைவதில்லை. கல்வியுலகில் பொதுவாகவே எண்ணிக்கைக்கு மதிப்பு மிகுந்துவிட்டது. நூல்கள் இத்தனை, கட்டுரைகள் இத்தனை, கருத்தரங்குகள் இத்தனை! எண்ணுவது எளிது, படிப்பது அரிது.

நம் முன்னோர் இம்மாதிரியா செய்தனர்? தமிழில் அரங்கேற்றம் என்பது நூலைச் சபையில் ஓதி, தடைகளுக்கு விடையளித்து, அதன்பின் பாராட்டைப் பெறுவது. நமக்குக் கிடைத்துள்ள இஸ்லாமியத் தமிழ் நூல்களுள் காலத்தால் முந்திய முழுநூலாகிய ஆயிர மசலா 1572இல் மதுரைத் தமிழ்ச் சபையில் அவ்வாறே அரங்கேறியது. அரபு மரபில் இஜாஸா என்பதும் அத்தகையதே. மாணவர் கித்தாபை உஸ்தாது முன் ஓதிக் காட்டுவார், பிழை திருத்தப்படும், பின்னரே பிறர்க்குக் கற்பிக்கும் அனுமதி. வயது அங்கே தடையன்று. இமாம் ஷாஃபிஈ அவர்களுக்கு மார்க்கத் தீர்ப்பளிக்கும் அனுமதியை அவர்தம் ஆசிரியர் இருபது வயது நிரம்பு முன்பே அளித்தார் என்று வரலாற்றாசிரியர் எழுதுவர். அவ்வாசிரியர் மாணவரின் வயதை எண்ணவில்லை, அறிவைக் கேட்டறிந்தார்.

இனி, நம்மை நேரே தொடும் குறைக்கு வருவோம். செம்மொழி நிறுவனத்தின் ஆய்வெல்லை தொல்காப்பியம் முதலாகச் சங்க நூல்கள், கீழ்க்கணக்கு, இரட்டைக் காப்பியங்கள், முத்தொள்ளாயிரம், இறையனார் அகப்பொருள் என 41 நூல்களையும், கி.பி. 600க்கு முற்பட்ட காலத்தையும் சார்ந்தது. அந்நிதி அந்நோக்கத்திற்கென்றே ஒதுக்கப்பட்டதாதலின் அவ்வெல்லையைக் குறை கூறுவதற்கில்லை. மறுபுறம், 1958 முதல் சமஸ்கிருதம், அரபு, பாரசீகப் புலவர்க்கென ஒரு குடியரசுத் தலைவர் விருது உண்டாயிற்று. 2002இல் அத்துறைகளின் இளையவர்க்கெனப் பாதராயண வியாசர் பெயராலும் 1 இலட்சம் ரூபாய்ப் பரிசு ஏற்பட்டது. தமிழுக்கு ஒரு கதவு. அரபுக்கு ஒரு கதவு. இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கும் அரபுத்தமிழை ஆராய்பவர் எக்கதவைத் தட்டுவது?

இது வெற்று வினா அன்று. அரபியில் இல்லாத தமிழொலிகளுக்குப் புள்ளிகளும் குறிகளும் கூட்டி, அரபு எழுத்திலேயே தமிழை எழுதி, சட்டநூலும் சன்மார்க்க நூலும் மாலையும் கதையும் இயற்றிய பேரிலக்கியம் அது. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் என்னும் இமாமுல் அரூஸ் (1816-1898) அவர்களின் நூல்கள் அதன் சிகரம். கொழும்பிலே அவ்வெழுத்தில் செய்தித்தாளே நடந்திருக்கிறது. பாட்டிமார் ஓதிவந்த அக்கித்தாபுகள் இன்று பரண்களில் கறையானுக்கு இரையாகின்றன. அவற்றைப் படிக்க அரபு எழுத்தும் தமிழ் இலக்கணமும் ஒருங்கே தெரிய வேண்டும். அத்தகைய இளைஞர் ஒருவர் முன்வந்தால், தமிழ்த் தேர்வாளர் "இது அரபு" என்பார். அரபுத் தேர்வாளர் "இது தமிழ்" என்பார்.

பாணந்துறை ம. மு. உவைஸ் அவர்கள் முஸ்லிம்களின் தமிழ்த் தொண்டை முதுகலை ஆய்வாக இலங்கைப் பல்கலைக்கழகத்தில் அளித்தபோது முப்பதைத் தொடாத இளைஞர். அத்தகைய பொருளுக்கு இடமளித்த ஒரு பல்கலைக்கழகம் அவருக்கு வாய்த்தது. மதுரைக் காமராசர் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியத் தமிழ் இலக்கியப் பேராசிரியராக அவர் அமர்ந்ததோ ஐம்பதைக் கடந்த பின்னர். அந்த இடைக்காலத்தை அவர் தம் ஊக்கத்தால் கடந்தார். எல்லார்க்கும் அது கைகூடுமா?

வயதெல்லையும் நம் பிள்ளைகளுக்குப் பொருந்தி வரவில்லை. மதரஸாவில் ஏழாண்டு ஓதி ஸனது பெற்றபின் கல்லூரியிற் சேர்பவர் முனைவர் பட்டம் பெறும்போது முப்பத்தைந்தை எட்டிவிடுகிறார். மணமாகிப் பிள்ளைகளை வளர்த்து மீண்டும் படிக்க வரும் நம் பெண்மக்களின் நிலை இன்னும் கடினம். ஆய்விலே அவர் இளையவர். பிறப்புச் சான்றிதழிலே முதியவர்! ஐரோப்பிய ஆய்வு மன்றம் தன் தொடக்கநிலை நல்கைக்கு வயதைக் கேட்பதில்லை. முனைவர் பட்டம் பெற்ற நாளிலிருந்து ஆண்டுகளைக் கணக்கிடுகிறது. தாய்மார்க்குப் பிள்ளைப்பேற்றின் பொருட்டுக் காலத்தை நீட்டியும் தருகிறது. இம்முறையை இங்குக் கொள்வதற்குச் சட்டத் திருத்தம் வேண்டுமோ? விதியில் ஒரு வரியை மாற்றினால் போதும்.

அரசை மட்டும் குறை சொல்லி நாம் ஒதுங்கிவிடுதலும் நேர்மையாகாது. நம் மாநாடுகளில் பொன்னாடைகளுக்குப் பஞ்சமில்லை, பட்டங்களுக்கும் பஞ்சமில்லை. புரவலர்க்கும் முதியவர்க்கும் அவை போய்ச் சேருகின்றன. முந்தின வரிசையில் நாற்காலி கிடைக்காத ஆய்வு மாணவி வாசித்த கட்டுரை, உணவு இடைவேளைக்கு முன் பத்து நிமிடத்தில் முடிக்கப்படுகிறது. ஒரு மாநாட்டுப் பந்தலுக்கு ஆகும் செலவில், கைப்படி ஒன்றைப் படியெடுத்துப் பதிப்பிக்கும் இளையவர்க்கு ஈராண்டு உதவி செய்யலாம். நம் கல்லூரிகளும் ஜமாஅத்துகளும் கூடி இவ்வாறு ஒரு பரிசை ஏற்படுத்துவதாயின், தேர்வுக்குழுவில் மூவர் போதும். அவருள் ஒருவரேனும் அரபுத்தமிழ் எழுத்தைத் தடையின்றிப் படிக்க வல்லவராதல் வேண்டும். மூவரும் நூலை முழுதும் படித்து, தேர்ந்ததற்குரிய காரணத்தை ஒரு பக்க அளவில் எழுதி, ஒப்பமிட்டு, இத்தகைய ஏடுகளில் வெளியிட வேண்டும். பரிசின் ஒரு பகுதி பாராட்டு விழாவன்றும், மறுபகுதி அடுத்த நூலின் முதற்படி கைக்கு வந்தபின்னும் தரப்படலாம்.