தைரியத்தைக் கொடுப்பது யார்? – விளையாட்டுப் படங்களும் பெண்ணுடலும்

விளையாட்டுக்காரப் பெண்ணை மையமாக வைத்துத் தமிழில் வந்த படங்களில் மூன்று அதிகம் பேசப்பட்டவை: சுதா கொங்கராவின் 'இறுதிச்சுற்று' (2016), அருண்ராஜா காமராஜின் 'கனா' (2018), அட்லியின் 'பிகில்' (2019). "இந்தப் படங்க நம்ம பொட்டப் புள்ளைங்களுக்குத் தைரியம் குடுத்துச்சு" என்று தோழர்களே மேடையில் பேசுகிறார்கள். சரி. அந்தத் தைரியம் எங்கிருந்து வருவதாக இந்தப் பிரதிகள் சொல்கின்றன? என் விமர்சனம் இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான்.

'இறுதிச்சுற்று'வில் அக்கா லக்ஸ் வருஷக்கணக்கில் குத்துச்சண்டை பழகுகிறாள். கோச்சின் கண்ணில் படுவதோ மீன் விற்கும் தங்கை மதியின் ஆத்திரம். பழகியவள் ஓரத்துக்குப் போகிறாள்; கோபக்காரி பிறவித் திறமைசாலி ஆகிறாள். 'பிகில்' படத்தில் பாண்டியம்மாவின் உடம்பைச் சொல்லி 'குண்டம்மா' என்று கோச் சீண்டுகிறார். அவமானத்தில் அவள் சீறி ஆடுகிறாள். தியேட்டரில் விசில் பறக்கிறது. 'கனா' கொஞ்சம் பரவாயில்லை. கௌசல்யா ஊர்ப் பையன்களோடு பந்து போட்டுப் பழகுவதைக் காட்டுகிறார்கள். ஊர் வாய் பேசுகிறது, அப்பா துணை நிற்கிறார். அங்கேயும் முடிவில் ஆண் கோச் வந்து பேசித்தான் அவள் எழுந்திருக்க வேண்டியிருக்கிறது.

ஆக, திறமை பிறவியில் வரும். தைரியம் கோச்சின் வாயிலிருந்து வரும். இதுதான் இவர்களின் கதையாடல். நடுவில் இருக்கிற பழக்கம், அதாவது விழுந்து, முழங்கால் சிராய்ந்து, நூறு முறை தப்பாக உதைத்து நூற்றியோராவது முறை சரியாக உதைப்பது, ஒரு பாட்டுக்குள் முடிந்துவிடுகிறது. நம் பெண்பிள்ளைகளுக்குக் கோபம் நிறையவே இருக்கிறது. மறுக்கப்படுவது இந்தப் பழக்கம்தான்.

1980இல் அமெரிக்கத் தத்துவவாதி ஐரிஸ் மரியன் யங், 'பெண்பிள்ளை மாதிரி எறிவது' என்று ஏளனமாகச் சொல்கிறார்களே, அதை எடுத்துக்கொண்டு ஒரு கட்டுரை எழுதினார். பெண்பிள்ளை எறியும்போது கை மட்டும் அசைகிறது. இடுப்பும் தோளும் காலும் கூட வருவதில்லை. சுற்றியுள்ள வெளியைத் தனதாக எடுத்துக்கொள்ள அவள் தயங்குகிறாள். இது எலும்பில் இருக்கிற குறையல்ல. அடுத்தவர் பார்க்கிற பொருளாகவே தன் உடம்பை உணரும்படி அவளை வளர்த்த சமூகத்தின் வேலை என்றார் யங். அந்தத் தோளை விடுவிக்க "உன்னால் முடியும்" என்று மைக்கில் கத்தினால் போதுமா?

நான் வேலை செய்கிற சேரிப் பகுதியில், மாலைப் படிப்பு மையத்துப் பெண்பிள்ளைகளுக்கு ஒரு ஃபுட்பால் வாங்கிக் கொடுத்தோம். முதல் வாரம் பந்து வந்தாலே ஒதுங்கினார்கள். ஒரு கை துப்பட்டாவைப் பிடிக்கப் போகும். இன்னொரு கை முகத்தை மறைக்கும். இடுப்பில் ஒரு குடம், தலையில் ஒரு குடம் என்று அடிபம்பிலிருந்து தண்ணீர் சிந்தாமல் கொண்டுவருகிற பிள்ளை, "எனக்கு பேலன்ஸ் வராதுக்கா" என்றாள்! நாங்கள் வீரவசனம் எதுவும் பேசவில்லை. துப்பட்டாவை மாட்டிவைக்க ஓர் ஆணி, பையன்கள் வேடிக்கை பார்க்காத ஒரு மணி நேரம், தினமும் ஆளுக்கு 20 உதை. அவ்வளவுதான். இரண்டு மாதத்தில் அதே பிள்ளை, "அக்கா, இன்னும் அஞ்சு உதை குடுங்க" என்று சண்டைக்கு வந்தாள். முதலில் கால் கற்றுக்கொண்டது. தைரியம் அதன் பின்னால் வந்தது.

இன்னொன்றையும் கேட்க வேண்டும். 'பெண் மென்மையானவள்' என்பது யார் வீட்டுக் கருத்து? நம் அம்மாக்கள் செங்கல் சுமந்தபோது, குனிந்த முதுகோடு நாற்று நட்டபோது, "பொம்பள உடம்பு தாங்காது" என்று எந்த ஆண்டையும் சொன்னதில்லை. கூலிக்கு வலுவான உடம்பு வேண்டும். அதே உடம்பு மைதானத்துக்கு வந்தால் "அடக்கமா இரு". நம் பிள்ளைகளுக்கு இரண்டு பக்கமும் இடி. அவர்களுடைய வலுவை உழைப்பாக உறிஞ்சிக்கொள்வார்கள்; திறமை என்று பேர் வைக்க மாட்டார்கள்.

சாந்தி சௌந்தரராஜனை நினைத்துப் பாருங்கள். புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமம், தலித் குடும்பம், செங்கல் சூளையில் வேலை செய்த பெற்றோர். தாத்தாதான் வீட்டுக்கு வெளியே மண் தரையில் ஓடக் கற்றுக்கொடுத்தார். 2006 தோஹா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வாங்கினார். உடனே பாலினச் சோதனை, பதக்கம் பறிபோனது. 2012இல் அவர் செங்கல் சூளையில் கூலிக்குப் போனதைப் பத்திரிகைகள் எழுதின. பின்னாளில் பயிற்சியாளராகி, ஓடக் கற்றதைப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தார். தோற்றால் "பொம்பளதானே", ஜெயித்தால் "பொம்பளதானா?" ஒரே ஓர் எழுத்துத்தான் மாறுகிறது. மூன்று படங்களும் வெற்றியோடு முடிந்துவிடுகின்றன. வெற்றிக்குப் பிறகு இந்தச் சமூகம் கேட்கிற கேள்வியை மூன்றும் தொடவில்லை.

கதை எழுதுகிற, படம் எடுக்கிற தோழர்களே, கோப்பையைத் தூக்குகிற பெண்ணைப் பார்த்தாயிற்று. பந்தைத் தவறவிட்டுத் திரும்ப ஓடிப்போய் எடுக்கிற பெண்ணை எழுதுங்கள். மாணவத் தோழர்களே, உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பி.டி. பீரியடில் பந்து யார் காலில் இருக்கிறது, மரத்தடியில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று போய்ப் பாருங்கள். மைதானத்தில் பாதியைக் கேளுங்கள். பந்தைக் கேளுங்கள். தைரியத்தை எங்கள் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்.